இலங்கை மிளகும் நம் மலைத்தோட்டங்களும்

வளரும் நாடுகள் தமக்குள் வாணிபத்தைப் பெருக்கிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடுகளின் குணதோஷங்களை ஆராய விரும்புவோர்க்கு, 1998 டிசம்பர் 28-இல் இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்காவும் புதுதில்லியில் கையொப்பமிட்டு, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக உடன்படிக்கையைவிடத் தக்க உதாரணம் நம் பிராந்தியத்தில் இல்லை. அச்சன்புதூர், செங்கோட்டைப் பக்கத்தாருக்கு இது தூரத்து விஷயமும் அன்று. குற்றால மலையில் விளையும் கிராம்பும், ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் விளையும் மிளகும் அக்கரைச் சரக்கோடு போட்டியிட்டே சந்தையில் விலைபோகின்றன.

சமமல்லாத இருவரைச் சமமாகப் பாவிக்காத நியாய உணர்ச்சியே இதன் தலையாய சிறப்பு. பெரிய நாடாகிய இந்தியா மூன்றாண்டுகளில் சுங்கவரிகளை நீக்க இசைந்தது; இலங்கைக்கோ எட்டாண்டு அவகாசம். இந்தியா சலுகைக்குப் புறம்பாக வைத்த பண்டங்கள் 429. இலங்கை வைத்தவை 1,180. பல நாடுகள் கூடி 2006-இல் தொடங்கிய தெற்காசிய வர்த்தக ஏற்பாடு அரசியல் பகையால் தளர்ந்துகிடக்க, இது உயிரோடிருப்பதற்கு இந்த நியாயமும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

குறையோ, பண்டம் எங்கே பிறந்தது என்பதை நிச்சயிக்கும் விதியில் இருக்கிறது. இலங்கையில் 35 சதவிகித மதிப்புச் சேர்ந்தால் போதும் என்றிருந்தமையால், இந்தியாவில் உயர்ந்தும் அங்கே தாழ்ந்தும் இருந்த பாமாயில் வரியின் வித்தியாசத்தையே மூலதனமாகக் கொண்டு, இந்திய முதலாளிகளே அக்கரையில் பாமாயிலைக் கொண்டு வனஸ்பதி செய்யும் ஆலைகளை நிறுவினர். நம் ஆலைக்காரர் முறையிட, வனஸ்பதி இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு கட்டப்பட்டது. பிறகு அவ்வாலைகள் நசித்தன. இரு தேசங்களுக்கும் நிலையான தொழில் எதுவும் மிஞ்சவில்லை.

மிளகின் கதை இதனினும் வேதனையானது. ஆண்டுக்கு 2,500 டன் வரியின்றி வரலாம் என்றிருக்க, வியட்நாம் மிளகே இலங்கைப் பெயர் பூண்டு வருகிறது என்று நம் விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டனர். 2017 டிசம்பரில் இந்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யலாகாது என விதித்தது. விவசாயியின் துயரம் மெய். ஆயினும், வஞ்சகம் செய்யும் தரகனைப் பிடிக்காமல், மாத்தளையிலும் கண்டியிலும் சிறு தோட்டம் வைத்துப் பிழைக்கும் மெய்யான விவசாயியையும் சேர்த்துத் தடுக்கும் பரிகாரம் நீதியாகாது.

கதவை அடைப்பதன்று, சரக்கின் பிறப்பிடத்தைத் துறைமுகத்திலேயே கண்டிப்பாகச் சோதிப்பதே தக்க வழி. உடன்படிக்கையை விரிவாக்கும் பேச்சுக்களில் நம் மலைத்தோட்டக்காரரையும் மாத்தளை விவசாயியையும் அழைத்து உட்காரவைக்குமாறு இரு அரசுகளையும் வேண்டிக்கொள்கிறேன்.