இஞ்சி இடுப்பழகியின் வீட்டில் சமைப்பது யார்?

2015 நவம்பர் 27 அன்று ஒரே படம் இரண்டு மொழிகளில், இரண்டு பெயர்களில் வெளியானது. தெலுங்கில் ‘சைஸ் ஜீரோ’. தமிழில் ‘இஞ்சி இடுப்பழகி’. இயக்கம் பிரகாஷ் கோவெலமூடி, எழுத்து கனிகா தில்லான், நாயகி அனுஷ்கா. இரண்டு மொழியும் புழங்கும் அம்மையார்குப்பத்தில் வளர்ந்தவள் நான். திருத்தணிப் பகுதியே 1960இல்தான் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது. இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். தெலுங்குத் தலைப்பு துணிக்கடையின் அளவைச் சொல்கிறது. தமிழ்த் தலைப்பு ஆணின் கண் நின்ற இடத்தைச் சொல்கிறது. 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்துப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. குண்டாக இருப்பது தவறில்லை என்று சொல்ல வந்த படத்துக்கு, இரண்டு மொழியிலும் இடுப்பை அளக்காத ஒரு பெயர் கிடைக்கவில்லை.

இருந்தாலும் இது சாதாரணமான முயற்சி அல்ல. தமிழ் சினிமாவில் பருமனான பெண் என்றால் சிரிப்புக்கு. எண்பதுகளில் பிந்து கோஷ், பின்னால் ஆர்த்தி எனத் திறமையான நடிகைகளை நம் படங்கள் பெரும்பாலும் கதாநாயகன் பார்த்துப் பயந்து ஓடும் உருவங்களாகவே நிறுத்தின. அப்படி நிறுத்திய இடத்தில் ஒரு நாயகியை வைத்ததும், அவளுக்குக் காதலும் கோபமும் கொடுத்ததும் பெரிய விஷயம். அதற்காகவே இந்தப் படத்தைக் கவனமாக விமர்சிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். சௌந்தர்யா எனும் ஸ்வீட்டிக்குக் கல்யாணம் ஆகவில்லை. எடைதான் காரணம் என்று அம்மா புலம்புகிறாள். ஊர்வசி நடித்த அந்த அம்மாவை நம் எல்லோர் வீட்டிலும் பார்க்கலாம். மனம் உடைந்த ஸ்வீட்டி, எடை குறைக்கும் மையம் ஒன்றுக்குப் போகிறாள். பிரகாஷ்ராஜ் அதன் முதலாளி. அங்கே தரப்படுவதைச் சாப்பிட்ட தோழிக்குச் சிறுநீரகம் கெடுகிறது. ஸ்வீட்டி அந்த மையத்தை எதிர்த்துப் பிரச்சாரம் செய்கிறாள், முதலாளி அம்பலப்படுகிறார், படம் முடிகிறது.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. படத்தின் முதல் பாதியில் பெண்ணைத் துரத்துவது வீடு. பெண் பார்க்க வருகிறவர்கள், அம்மாவின் கவலை, உறவுக்காரர்களின் பேச்சு. இரண்டாம் பாதியில் துரத்துவது ஒரு மோசடிக்காரன். மோசடிக்காரன் தண்டிக்கப்பட்டதும் வீடு தப்பித்துக்கொள்கிறது. கல்யாணச் சந்தையில் பெண்ணை எடை போட்ட தராசைப் படம் உடைக்கவில்லை. தராசு விற்றவன் கள்ளன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறது. குறுக்கு வழி வேண்டாம், ஆரோக்கியமாகச் சாப்பிடுங்கள், நடங்கள் என்று கடைசியில் கிடைக்கும் அறிவுரை சரியானதுதான். ஆனால் அதை யார், எந்த நேரத்தில், யாருடைய அடுப்பில் செய்வது என்று படம் ஒரு காட்சியில்கூடக் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். எங்கள் ஊர் நெசவு ஊர். விசைத்தறிச் சத்தம் இல்லாத தெரு குறைவு. தார் சுற்றுவது, நூல் இழைப்பது என்று பெண்களின் வேலை பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில். படம் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், ஊர்வசியைப் பார்த்து இரண்டு பேர் கண் கலங்கினார்கள். முடிந்ததும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் அக்கா ஒருவர் சொன்னார்: “எனக்கும்தான் டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. காலையில இது, ராத்திரி இதுன்னு. எனக்குத் தனியா ஆக்கணும் கண்ணு. யாரு ஆக்கறது? அதையும் நான்தானே ஆக்கணும்?”

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடி படத்தைப் பாருங்கள். ஸ்வீட்டியின் வீட்டில் சாப்பாடு இருக்கிறது, அதைச் சாப்பிடும் ஸ்வீட்டி இருக்கிறாள். அவளுடைய ஆசை, குற்ற உணர்ச்சி எல்லாம் இருக்கின்றன. சமைக்கும் வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் சாப்பாடு வெறும் மன உறுதிச் சோதனையாகிவிடுகிறது. உறுதி இருந்தால் இளைப்பாய், இல்லாவிட்டால் உன் தவறு.

புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 30.9 சதவீதம். அதே கணக்கெடுப்பில், அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டையும் கூட்டினால் நூறுக்குக் கொஞ்சம்தான் குறைவு. எடையும் கூடி ரத்தமும் குறைந்த பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்று ஊகிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை. இவர்கள் அதிகமாகத் தின்றுவிட்டவர்கள் அல்ல. வேண்டியது தட்டில் இல்லாமல், சோற்றால் வயிற்றை நிரப்பியவர்கள். பருப்பும் காயும் முட்டையும் முதலில் உட்காருகிறவர் தட்டுக்குப் போகும். கடைசியில் உட்காருகிறவளுக்குச் சோறும் குழம்பும் மிஞ்சும். பிள்ளைகள் தட்டில் விட்டதும் வீணாகக் கூடாது என்று அவள் வயிற்றுக்கே போகும். தறி நிற்கிற நேரம்தான் சாப்பாட்டு நேரம். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு மேலே. இடையில் பசித்தால் சர்க்கரை போட்ட டீ.

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. ஆண்கள் 88 நிமிடம். அதுவும் அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று சொல்லும்போது, அந்த அரை மணியை எந்த நிமிடத்திலிருந்து எடுப்பது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சூசி ஆர்பாக் 1978இல் எழுதிய ‘ஃபேட் இஸ் எ ஃபெமினிஸ்ட் இஷ்யூ’ என்ற நூல், பருமனைப் பெண்ணின் சமூக இடத்தோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. பட்டினி டயட்டே பிறகு வெறியோடு தின்னத் தூண்டுகிறது என்று அவர் காட்டினார். மாணவிகள் அதைப் படிக்க வேண்டும். ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் மேலை நகரத்துப் பெண்கள். கடைசியில் சாப்பிடுகிறவளை நாம்தான் அந்த விவாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். நம் ஊரில் பட்டினிக்குப் பக்தி என்ற பெயரும் உண்டு. திருத்தணி மலையைப் பார்த்துக் கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் விரதம் இருப்பவர்களில் எங்கள் தெருவில் பெண்களே அதிகம். புருஷனுக்காக, பிள்ளைக்காக வயிற்றைக் காயப்போடப் பழகிய உடம்புக்கு, இளைப்பதற்காகக் காயப்போடுவது புதிதாகத் தெரியாது. டயட் வியாபாரம் இங்கே சுலபமாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உணவு மாற்றத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எங்கள் தெருவில் உண்மையான நோய்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட’ ஆய்வு நமக்கு முக்கியம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களில் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டோருக்கு, சுமார் மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாமலே இது நடந்தது. பழக்கம் மாறினால் தராசு முள் அசையாவிட்டாலும் உடம்பு நன்றி சொல்கிறது. இஞ்சி இடுப்பு வேண்டாம், சைஸ் ஜீரோவும் வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? ஆனால் அந்த ஆய்வில் இருந்த 531 பேரில் பெண்கள் 110 பேர்தான். ஓர் ஆணிடம் உணவை மாற்றச் சொன்னால் அவர் வீட்டில் யாரோ மாற்றிச் சமைத்துவிடுவார்கள். பெண்ணிடம் சொன்னால்?

அந்த அக்கா வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். மருத்துவர் மறுமுறை மகனையும் கூட்டிவரச் சொன்னார். வீட்டில் பேசிப் பேசி மூன்று விஷயங்களை மாற்றினார்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு, எல்லோரும் ஒன்றாக. வாரத்தில் மூன்று நாள் எல்லோருக்குமே கேழ்வரகுக் களியும் கீரையும். தனிச் சமையல் கிடையாது. இரவுப் பருப்பு மகன் பொறுப்பு. முதலில் மாமியார் முகம் சுளித்தார். மகன் இரண்டு முறை பருப்பைத் தீய விட்டான். இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஒரு வருஷத்தில் நாலு கிலோ குறைந்தது என்று அக்கா சொன்னார். “நாலு கிலோ போனது பெருசில்ல. சூடாச் சாப்பிடறேன், அதான்” என்றும் சொன்னார்.

இந்தக் கதையில் மோசடிக்காரன் இல்லை, அம்பலப்படுத்தும் கிளைமாக்ஸும் இல்லை. அதனால் சினிமாவாகாமல் போகலாம். ஆனால் ‘இஞ்சி இடுப்பழகி’ தொடாமல் விட்ட இடம் இதுதான். அனுஷ்கா இந்தப் பாத்திரத்துக்காகப் பல கிலோ எடை கூட்டியபோது பத்திரிகைகள் அதை அர்ப்பணிப்பு என்றன. பிறகு எப்போது இளைப்பார் என்று கேட்டன. திரைக்கு வெளியிலும் எல்லோர் கண்ணும் அவர் இடுப்பிலேயே இருந்தது. நாம் கண்ணை அங்கிருந்து எடுத்து அடுப்புப் பக்கம் திருப்புவோம். படமோ புத்தகமோ மருத்துவர் தரும் உணவுச் சீட்டோ, எது கைக்கு வந்தாலும் முதலில் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இதைச் சமைப்பது யார்? வாங்கும் காசு யார் கையில்? இவள் எத்தனை மணிக்கு, யாருக்குப் பிறகு சாப்பிடுகிறாள்? நடக்கப் போகும் நேரத்தில் அவள் வேலையை யார் செய்கிறார்கள்? எத்தனை கிலோ என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.