கெர்னல் சொல்லும் சேதி
லினக்ஸ் கணினியில் வைஃபை வரவில்லையா? டெர்மினலைத் திறந்து ‘dmesg’ கட்டளையை இடுங்கள். (சில கணினிகளில் முன்னால் ‘sudo’ சேர்க்க வேண்டும்.) எந்தச் சாதனம் தென்பட்டது, எந்த ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று கெர்னல் பெயரோடு எழுதி வைத்திருக்கும். எதையும் ஒளிக்காத இந்தக் குணம்தான் லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது. கெர்னல் எழுதிய அந்த வரியோடு உபுண்டுவா ஃபெடோராவா, கெர்னல் பதிப்பு என்ன என்றும் சேர்த்து இணைய மன்றத்தில் கேட்டால், முன்பின் தெரியாத ஒருவர் மெனக்கெட்டுப் பதில் சொல்கிறார். காசு கேட்பதில்லை. 1991இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் தன் கெர்னலைப் பற்றி ஊரறியக் கருத்துக் கேட்டவர்தான். கோளாறு தீர்ந்ததும் எப்படித் தீர்ந்தது என்று அங்கேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். அதே சிக்கலோடு வரும் அடுத்தவருக்கு உதவும்.