இடர் சொல்லாத ஆற்றுப்படை

என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு கோப்பு அனுப்பினாள். என்னிடம் முதுகலைத் தமிழ் படித்தவள். இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். கூடவே ஒரு குரல்பதிவு: “அம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. போகலாமா வேண்டாமான்னு உங்ககிட்டதான் கேட்கத் தோணுச்சு. இவர்கிட்ட இன்னும் சொல்லல.”

திறந்து பார்த்தேன். இஸ்தான்புல் நகரத்து கிளினிக் ஒன்றின் பேக்கேஜ். தளர்ந்த வயிற்றுத் தோலை வெட்டியெடுத்துத் தைக்கும் ‘டம்மி டக்’, அதோடு கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் லைப்போசக்ஷன். அறுவைச் செலவு, ஐந்து இரவு ஹோட்டல், விமான நிலையத்திலிருந்து கார், மொழிபெயர்ப்பாளர், எல்லாம் ஒரே தொகையில். லண்டனில் கேட்பதில் பாதிகூட இல்லை. கடைசிப் பக்கங்களில் போய்வந்த பெண்களின் அனுபவங்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஒரு பிரதியை வாசிக்கத் தெரியும். அந்தக் கோப்பைப் பிரதியாகவே வாசித்தேன்.

முதல் பக்கம் விலைப்பட்டியல். இமை, மூக்கு, தாடை, கழுத்து, மார்பு, வயிறு, பின்புறம், தொடை. மேலிருந்து கீழாக இறங்கும் இந்த வரிசை தமிழ் படித்தவர்களுக்குப் பழகியதுதான்: கேசாதிபாதம். பொருநராற்றுப்படையில் பாடினியை முடிமுதல் அடிவரை வருணிக்கும் பகுதியை வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! பெண்ணுடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்ப்பது நம் மரபிலும் உண்டு, அதைக் கேள்வி கேட்டும் வந்திருக்கிறோம். ஆனால் அந்தப் புலவர் ஒவ்வொரு உறுப்பையும் நிறைவானதாகக் காட்டவே பிரித்தார். இந்தப் பட்டியல் ஒவ்வொன்றையும் குறையாகக் காட்டப் பிரிக்கிறது. குறைக்கு எதிரே விலை. இரண்டு குறைகளை ஒரே நாளில் சரிசெய்துகொண்டால் தள்ளுபடி.

இரண்டாவதாக, அதன் இலக்கணம். வாக்கியந்தோறும் ‘நீங்கள்’ வருகிறது. நீங்கள் புன்னகைப்பீர்கள், நீங்கள் புதிதாய்த் திரும்புவீர்கள். அறுவை பற்றிய வாக்கியங்கள் மட்டும் செயப்பாட்டு வினைக்கு மாறிவிடுகின்றன: கொழுப்பு அகற்றப்படும், தோல் சீரமைக்கப்படும். யாரால்? ‘அனுபவம் வாய்ந்த குழு’வால். மருத்துவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. கத்தி பிடிக்கும் கை யாருடையது என்று சொல்லாத பிரதி அது.

இது வெறும் இலக்கணக் குறையல்ல. அழகுச் சிகிச்சைக்குப் பெயர்போன தென்கொரியாவில் ‘பேய் அறுவை’ என்றே ஒரு சொல் புழங்குகிறது. நோயாளியிடம் பேசிச் சம்மதம் வாங்குபவர் ஒரு மருத்துவர். மயக்கம் கொடுத்தபின் அறுப்பவர் வேறொருவர். 2016இல் தாடை அறுவையின்போது ரத்தம் இழந்து ஓர் இளைஞர் இறந்துபோனார். தொடங்கிய மருத்துவர் பாதியில் வேறு அறைக்குப் போனது கண்காணிப்புக் கேமராப் பதிவில் இருந்தது. அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்த அவருடைய தாய் பல ஆண்டுகள் நீதி கேட்டுப் போராடினார். நோயாளி நினைவிழந்த நிலையில் நடக்கும் அறுவைக்கு அறையில் கேமரா கட்டாயம் என்ற சட்டம் 2021இல் நிறைவேறி 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ‘யாரால்’ என்ற கேள்விக்கு அந்நாட்டில் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, அனுபவப் பக்கங்கள். ‘நானும் உங்களைப் போலத்தான் தயங்கினேன்’ என்று தொடங்கி, எப்படிப் போனேன், எங்கே தங்கினேன், என்ன சாப்பிட்டேன், எப்படி உபசரித்தார்கள், என்ன பெற்றுத் திரும்பினேன் என்று சொல்லி, ‘நீங்களும் போங்கள்’ என்று முடிகின்றன. இந்த வடிவத்தை நாம் அறிவோம். பரிசில் பெற்றுத் திரும்புகிறவர் எதிர்ப்படும் வறியவரிடம் வழிசொல்லி அனுப்பும் ஆற்றுப்படை இது.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. மலைபடுகடாத்தில் நன்னனிடம் போகச் சொல்கிறவர் அவன் கொடையை மட்டும் பேசுவதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்படி வரும், எந்தப் பாறை வழுக்கும் என்றெல்லாம் எச்சரித்துத்தான் அனுப்புகிறார். மாணவி அனுப்பிய கோப்பில் ஒரு பொறியும் இல்லை, ஒரு குழியும் இல்லை. எல்லா அனுபவங்களும் அறுவை முடிந்த முதல் சில நாட்களில் எழுதப்பட்டவை. ஓராண்டு கழிந்த தழும்பைப் பற்றி ஒருத்திகூட எழுதவில்லை. அடிக்குறிப்பில் காரணமும் இருந்தது: முன்-பின் படங்களையும் அனுபவத்தையும் தருவோருக்குக் கட்டணத்தில் சலுகை.

சொல்லப்படாத அந்த இடர்களைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2022 வரை டொமினிக்கன் குடியரசில் அழகு அறுவையைத் தொடர்ந்து இறந்த அமெரிக்கர் 93 பேர். ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். முதல் பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு பேர். 2019 முதல் 2022 வரை 13 பேர். இறப்பு உச்சத்திலிருந்த 2019, 2020 ஆண்டுகளின் ஆவணங்களை ஆராய்ந்தபோது, கொழுப்புத் துணுக்கோ ரத்தக்கட்டியோ குழாயை அடைத்ததே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் என்று தெரிந்தது. பலருக்கு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்திருந்தன. பேக்கேஜில் தள்ளுபடி தருகிறார்களே, அதே சேர்க்கை.

உறிஞ்சியெடுத்த கொழுப்பைப் பின்புறத்தில் ஏற்றும் ‘பிரேசிலியன் பட் லிஃப்ட்’ இவற்றுள் மிக ஆபத்தானது. ஊசி தசைக்குள் ஆழமாக இறங்கினால் அங்குள்ள பெரிய சிரைகள் வழியே கொழுப்பு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய்விடும். பிரிட்டனின் அழகு அறுவை மருத்துவர் சங்கம் 2018இல் இந்தச் சிகிச்சையைச் செய்ய வேண்டாமெனத் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது.

2023இல் மெக்சிகோவின் மத்தமோரோஸ் நகரில் இரண்டு கிளினிக்குகளில் முதுகுத்தண்டு வழியே மயக்கமருந்து பெற்றவர்களுக்குப் பூஞ்சையால் மூளையுறை அழற்சி வந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஊர் திரும்பிய பிறகு வந்த தலைவலியை முதலில் யாரும் அறுவையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. துருக்கிக்கு மருத்துவத்துக்காகப் போன பிரிட்டிஷ் குடிமக்களில் 25க்கும் மேற்பட்டோர் 2019 ஜனவரிக்குப் பின் இறந்திருப்பதாக பிரிட்டனின் வெளியுறவுத்துறையே பயண அறிவுரையில் சொல்லியிருந்தது. இந்த எண்ணிக்கை எல்லா வகைச் சிகிச்சைகளுக்குமானது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நாடுகளில் தேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். போகிறவர்களில் மிகப் பலர் நலமாகத் திரும்புகிறார்கள். சொந்த நாட்டிலும் இறப்புகள் நடக்கின்றன. பாடகர் கான்யே வெஸ்டின் தாயும் ஆங்கிலப் பேராசிரியருமான டோண்டா வெஸ்ட் 2007இல் கலிஃபோர்னியாவில் அழகு அறுவை செய்துகொண்ட மறுநாள் இறந்தார். அதன்பின் 2009இல், அறுவைக்கு முன் உடற்பரிசோதனை கட்டாயம் என்று அந்த மாநிலம் சட்டம் செய்தது. எனவே ‘வெளிநாட்டு மருத்துவர் மோசம்’ என்பதல்ல என் வாதம். சிக்கல் தூரத்தில் இருக்கிறது. உங்களை அறுக்கப்போகிறவர் அதற்குச் சில மணிநேரம் முன்புதான் முதன்முதலாக உங்களைப் பார்க்கிறார். முன்பணம் கட்டி, விமானம் ஏறி, வெற்று வயிற்றோடு படுத்திருப்பவளால் அந்த நேரத்தில் ‘வேண்டாம்’ என்று எழுந்துவர முடியுமா? மூன்றாம் வாரம் தையலில் சீழ் கோத்தால் அதே மருத்துவர் வந்து பார்ப்பாரா?

கணக்கில் விட்டுப்போன செலவுகளும் இந்தத் தூரத்தால் வருபவைதான். வயிற்றறுவைக்குப்பின் குறைந்தது பத்து நாட்கள் விமானம் ஏறாதீர்கள் என்கிறது மேற்சொன்ன நோய்க் கட்டுப்பாட்டு மையம். பேக்கேஜில் இருப்பதோ ஐந்து இரவுகள். சாதாரணப் பயணக் காப்பீடு, திட்டமிட்டுப் போகும் அறுவையின் விளைவுகளை ஏற்பதில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் பிரிட்டனின் அரசு மருத்துவமனை பார்க்கும். கோணலான தழும்பைத் திருத்தித் தருவது அதன் வேலையல்ல. இவை போக, டம்மி டக் செய்தவர் ஏறத்தாழ ஆறு வாரம் கனமானவற்றைத் தூக்கக் கூடாது. என் மாணவியின் வேலையே தூக்குவதுதான். படுக்கையிலிருக்கும் முதியவர்களைப் புரட்டுவதும் எழுப்பி உட்காரவைப்பதும்தான் அவளுக்குச் சம்பளம் தருகிறது. வீட்டில் இடுப்பில் ஏறக் காத்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளை வேறு. ஆறு வாரச் சம்பளமும் ஆறு வார வீட்டுவேலையும் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை.

தவறு நடந்தால் நீதி? நைஜீரிய அதிபரின் மனைவி ஸ்டெல்லா ஒபசஞ்சோ 2005 அக்டோபரில் ஸ்பெயினில் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப்பின் இறந்தார். அறுபது வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. கொழுப்பை உறிஞ்சும் குழாய் வயிற்றறைக்குள் போய்க் குடலையும் கல்லீரலையும் கிழித்திருந்தது. மருத்துவருக்கு ஸ்பெயின் நீதிமன்றம் தண்டனை தந்தது 2009இல்: ஓராண்டுச் சிறை, மூன்றாண்டு தொழில் தடை, இழப்பீடு. ஒரு நாட்டின் முதல் பெண்மணிக்கே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். கூலிக்கு விடுப்பெடுத்துப் போனவள், தெரியாத மொழியில், வேற்று நாட்டு நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டு நிற்பாள்?

இனி நம்மிடம் வருகிறேன். பெண்ணியம் இதை எப்படி வாசித்திருக்கிறது? 1990இல் நவோமி வுல்ஃப், அழகு என்பது பெண்கள் பெற்ற உரிமைகளுக்கு எதிராக எழுப்பப்பட்ட கட்டுக்கதை என்றார். 1995இல் கேத்தி டேவிஸ், நெதர்லாந்தில் அறுவை செய்துகொண்ட பெண்களிடம் பேசிவிட்டு, அவர்கள் ஏமாளிகள் அல்லர் என்றார். பேரழகியாக அல்ல, கண்ணில் உறுத்தாத சாதாரணமானவளாக இருக்கவே பலர் விரும்பினார்கள். 2019இல் ரூத் ஹாலிடே, மெரெடித் ஜோன்ஸ், டேவிட் பெல் மூவரும் எழுதிய ‘பியூட்டிஸ்கேப்ஸ்’ நூல் அழகு அறுவைக்காக நாடு கடப்போரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்லர், எளிய வருமானமுள்ள பெண்கள் என்று காட்டியது.

வுல்ஃபை வாசித்து வளர்ந்தவள் நான். அந்தக் கோப்பைத் திறந்தவுடன் ‘இவளுமா?’ என்றுதான் நினைத்தேன். பிறகு வெட்கப்பட்டேன். பிரசவத்தில் விலகிய வயிற்றுத் தசை பலருக்குத் தானாகக் கூடுவதில்லை. முதுகுவலி வரும். பேருந்தில் ‘எத்தனாவது மாசம்?’ என்று கேட்பார்கள். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பின் இந்த மிச்சத்துக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ‘அழகு’. அந்தப் பெயர் விழுந்தவுடன் அரசு மருத்துவமனை கைவிரித்துவிடுகிறது, குடும்பம் சிரிக்கிறது, பெண்ணியவாதி பெருமூச்சு விடுகிறாள். எல்லாக் கதவும் சாத்தியபின் திறந்திருப்பது பேக்கேஜ் ஒன்றுதான்.

‘இவர்கிட்ட இன்னும் சொல்லல’ என்ற அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. சுற்றுலா என்று சொல்லிப் போகிறவளுக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாள்? தவறு நடந்து திரும்பியவள் ‘உனக்கு இது தேவையா?’ என்ற கேள்விக்குப் பயந்து வாய்மூடிக்கொள்கிறாள். அவள் மூடிய வாய்தான் அந்த அனுபவப் பக்கங்களில் இருக்கும் வெற்றிடம். கிளினிக் இடரை மறைக்கிறது. நம் ஏளனம் அதற்குத் துணைபோகிறது.

அந்த விலை எப்படி அவ்வளவு குறைகிறது என்றும் கேட்க வேண்டும். கட்டை மாற்றி, கழிவைத் துடைத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் உள்ளூர்ப் பெண்களின் குறைந்த கூலியும் அதில் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டு நோயாளிகளை வரவேற்கும் சென்னையில் வாழும் நமக்கு இது தெரியாததல்ல. இங்கிலாந்தில் முதியோரைத் தூக்கிக் களைத்த ஒரு பெண், இஸ்தான்புல்லில் களைத்த இன்னொரு பெண்ணின் கையில் போய்ப் படுக்கிறாள்.

அவளுக்கு ‘போகாதே’ என்று எழுதவில்லை. கேள்விகளை எழுதினேன். அறுக்கும் மருத்துவரின் பெயர் என்ன, எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? கிளினிக்குக்கும் ஏஜென்டுக்கும் துருக்கி சுகாதார அமைச்சகத்தின் சுகாதாரச் சுற்றுலா அனுமதிச் சான்று உண்டா? பணம் கட்டுமுன் அந்த மருத்துவரிடமே பேச முடியுமா? பத்து நாள் தங்க வழியுண்டா? ஊர் திரும்பியபின் காயத்தை யார் பார்ப்பார்கள், எந்தக் காப்பீடு? இரண்டு அறுவையையும் ஒரே நாளில் செய்தே ஆக வேண்டுமா? அங்குள்ள உன் மருத்துவரிடம் தசை விலகலைக் காட்டி, பிசியோதெரபியில் எவ்வளவு சரியாகும் என்று கேட்டாயா? ஆறு வாரம் உனக்குப் பதிலாகத் தூக்கப்போவது யார்? கணவனிடம் சொல்வது உன் விருப்பம். ஆனால் நீ எங்கே, எந்த அறையில் இருக்கிறாய் என்று ஒரு தோழிக்காவது தெரிந்திருக்கட்டும்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “ஆறு வாரம் தூக்கக்கூடாதுன்னு அதுல எங்கயுமே போடலையேம்மா. வார்டுல இன்னொரு அக்கா போயிட்டு வந்தாங்க. அவங்களும் சொல்லல. நாளைக்கு நைட் ஷிஃப்ட்ல கேக்கறேன்.”

அந்த அக்கா என்ன சொன்னார் என்று இன்னும் தெரியவில்லை. அவர் பேசினால் நன்றாயிருக்கும். போய்வந்த பெண்கள் வழியைச் சொல்லும்போது வழுக்கிய பாறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் அப்படிச் சொல்ல, கேட்கிற நாம் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.