தாய் கூற்றும் மகன் எழுத்தும்: பர்லண்டு குடும்பக் குடியேற்ற நூல் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பலர் தம் நாடு விட்டு அமெரிக்கப் புல்வெளி நாடுகளில் நிலம் வாங்கிக் குடியமர்ந்தனர். அவர்தம் வாழ்வைக் கூறும் நூல்களும் பல எழுந்தன. 1817-இல் இலினாய் சென்று குடியேறிய மோரிசு பர்க்பெக்கு என்பார் எழுதிய பயணக் குறிப்புகளும் கடிதங்களும் அவற்றுள் முற்பட்டவை, பெரும்புகழ் பெற்றவை. ஆயின் அவர் பொருளும் கல்வியும் நிரம்பியவர். பொருளின்றிச் சென்ற உழவர் குடும்பம் ஒன்றின் வாழ்வை உள்ளிருந்து காட்டும் நூல்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் தலைசிறந்து நிற்பது 1848-இல் இலண்டனில் வெளிவந்த ‘குடியேற்றத்தின் உண்மைச் சித்திரம்’ என்னும் சிறு நூலாகும்.

யார்க்சயரில் லீட்சு நகருக்கு அண்மையிலுள்ள பார்விக்கு-இன்-எல்மெட்டு என்னும் ஊரினின்று 1831-இல் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு இது. அக்குடும்பத்துத் தாயாகிய ரெபெக்கா பர்லண்டு ‘நான்’ என்று தன்மையிற் கூறுவதாக நூல் அமைந்துள்ளது. ஆயினும் எழுதியவர் அவர் அல்லர். அவருடைய மகன் எட்வர்டு என்பவர். முதன்முதல் வெளிவந்தபோது நூலில் ஆசிரியர் பெயர் காணப்படவில்லை. இலினாய் மண்ணில் நிகழ்ந்தவற்றை மகன் கண்டவரும் அல்லர். பெற்றோர் கடல் கடந்தபோது இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவர். அவ்வாறாயின், காணாதவர் எழுதிய நூல் ‘உண்மைச் சித்திரம்’ என்னும் பெயருக்கு எங்ஙனம் உரியதாகும்? அவ்வுண்மையின் எல்லை யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. குடும்ப வரலாறு

பர்லண்டு குடும்பத்தார் சொந்த நிலம் இல்லாதவர், குத்தகைக்குப் பயிரிட்டவர். குத்தகைப் பணம் மிகுதி. விளைபொருளுக்கு விலை குறைவு. எவ்வளவு உழைத்தும் மிச்சம் காண இயலாத நிலையில், அவ்வூரினின்று முன்பே இலினாய் சென்றிருந்த ஒருவர் தம் தமையனார்க்கு எழுதிய கடிதங்கள் ஊரிற் பேசப்பட்டன. அந்நாட்டின் வளத்தை அக்கடிதங்கள் பெரிதும் புகழ்ந்தன. கணவர் ஜான் உள்ளத்தில் ஆசை எழுந்தது. ரெபெக்காவுக்கோ மனமில்லை. மக்கள் எழுவருள் மூத்த இருவர் தாயகத்தில் தங்க, ஐவருடன் பெற்றோர் லிவர்ப்பூல் சேர்ந்தனர். அங்குக் கணவர் உள்ளம் தளர்ந்தது. அதுகாறும் தயங்கி நின்ற மனைவியே அப்போது அவர்க்கு ஊக்கம் கூறிக் கப்பலேறச் செய்தார். நூலின் தலைமை மாந்தர் யார் என்பதை இந்நிகழ்ச்சி தொடக்கத்திலேயே காட்டிவிடுகின்றது.

நியூ ஆர்லியன்சுத் துறையில் இறங்கி, மிசிசிப்பியில் நீராவிப் படகேறிச் செயிண்டு லூயி வந்து, ஆங்கிருந்து இலினாய் ஆற்றின் வழியாகச் சென்று, நவம்பர்த் திங்களின் ஓர் இரவில் பிலிப்சுத் துறையில் கரையேறினர். படகு சென்றுவிட்டது. முகமறியாக் கரை; குளிர்காலத் தொடக்கம்; சூழச் சிறு பிள்ளைகள்; எதிர்கொள்வார் ஒருவருமிலர். கடிதம் எழுதிய நண்பரைத் தேடிச் சென்று கண்டபோது, அவர் வாழ்ந்த வாழ்வு எளிமையினும் எளியதாயிருந்தது. கடிதத்திற் கண்ட நாடு வேறு, கண்ணிற் கண்ட நாடு வேறு என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

எனினும் திரும்பிச் செல்லப் பணமில்லை. பைக்கு வட்டாரத்தில் 80 ஏக்கர் நிலத்தைத் திருத்தத் தொடங்கியிருந்த ஒருவர்க்கு, அவர் செய்த திருத்தத்தின் உரிமைக்காக 60 டாலர் கொடுத்தனர். அரசுக்குரிய விலை ஏக்கர் ஒன்றுக்கு ஒன்றேகால் டாலர். ஆகவே மேலும் 100 டாலர். அதனைச் செலுத்தக் கணவர் குயின்சி நகரிலிருந்த அரசு நில அலுவலகத்திற்குச் சென்று வந்தார். 160 ஏக்கர் நிலத்தை ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடுவார்க்கு விலையின்றி அளித்த குடிநிலச் சட்டம் 1862-இல்தான் வந்தது. பர்லண்டு குடும்பத்தார் அதற்கு ஒரு தலைமுறை முற்பட்டவர். ஆதலின் அவர்கள் நிலத்துக்குக் கைப்பொருள் அனைத்தையும் ஈடாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

3. கடிதம் பொய்த்ததும் கணக்கு மெய்ம்மையும்

இந்நூல் பிறந்ததற்கு ஓர் எழுத்தே காரணம் என்பது நுனித்து நோக்கத்தக்கது. கடிதத்தை நம்பி ஒரு குடும்பம் கடல் கடந்தது. அக்கடிதத்தில் முழுப்பொய் இருந்தது என்று கூறவும் இயலாது. மண் வளமுடையதே, நிலம் மலிவே. ஆனால் வளமும் மலிவும் கூறிய கடிதம், அவற்றை அடைவதற்குக் கொடுக்க வேண்டிய உடலுழைப்பையும் தனிமையையும் கூறாது விடுத்தது. கூறியது மெய்யாயிருக்கவும், கூறாமையால் விளைந்த பொய் அது.

அத்தகைய எழுத்தால் ஏமாந்தவர் தாமே ஒரு நூல் செய்யும்போது எவ்வாறு செய்வர்? இங்குத்தான் நூலின் நடைக்குரிய காரணம் புலப்படுகின்றது. இந்நூலில் அழகுரைகளைக் காட்டிலும் அளவுகள் மிகுதி. எவ்வளவு நிலம், என்ன விலை, கையில் எஞ்சியது எவ்வளவு, எந்தப் பண்டத்திற்கு எந்தப் பண்டம் மாற்று என்பனவெல்லாம் இடந்தோறும் கூறப்படுகின்றன. மேப்பிள் மரங்களில் துளையிட்டு வடித்த நீரைக் காய்ச்சிச் சருக்கரை செய்து, அதனைக் கடையிற் கொடுத்து வேண்டிய பொருள்களை மாற்றிக்கொண்ட செய்தி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அம்மரத்து நீர் ஏறத்தாழ நாற்பது பங்கு வற்றினால் ஒரு பங்கு பாகு கிடைக்கும். காய்ச்சியவர்க்கே அதன் அருமை தெரியும். பணம் இல்லாத குடும்பத்திற்கு முதல் இளவேனிலில் கிடைத்த முதல் வருவாய் அதுவே. இவ்வாறு பண்டமும் விலையும் பேசும் பகுதிகளைச் சுவையற்றவை என்று கடந்து செல்வார் நூலின் உயிர்நிலையை இழப்பர். கடிதம் ஒன்றால் ஏமாந்தவர் உண்மைக்கு இட்ட வேலி இக்கணக்கு என்க.

நூலின் முழுத் தலைப்பும் இதற்குச் சான்றாகின்றது. பல்வகை இடர்களையும் இறுதியில் எய்திய வெற்றியையும் நடுநிலையோடு முழுமையாகக் கூறுவதாக அது உறுதி செய்கின்றது. இடரை மட்டும் கூறினால் குடியேற்றத்தை இகழும் நூலாகும். வெற்றியை மட்டும் கூறினால் பழைய கடிதமே மீண்டும் வந்ததாகும். இரண்டையும் ஒருசேர நிறுத்துவதில் இந்நூல் பெரிதும் வெற்றி பெறுகின்றது.

4. ‘நான்’ என்பது யார்?

இனி, எழுதியவர் பற்றிய வினாவுக்கு வருவோம். பாடுவோர் வேறு, கூற்றுக்குரியார் வேறு என்னும் முறை அகப்பாட்டுப் பயின்றார்க்குப் புதியதன்று. ஆயின் ஆங்குக் கூற்றுக்குரியார் புலவர் படைத்துக்கொண்ட மாந்தர், பெயர் சுட்டப்படாதவர். ஈண்டோ கூறுவாரும் உண்மை மாந்தர்; எழுதுவாரும் உண்மை மாந்தர். எனவே எச்சொல் யாருடையது என்று ஆராயும் கடமை நமக்கு உண்டாகின்றது.

மகனே ஆசிரியர் ஆதலின் தாயின் பெயர் வெறும் போர்வை என்று கொள்ளுதல் ஒரு முடிபு. தாயின் சொற்களை மகன் அப்படியே படியெடுத்தார் என்று கொள்ளுதல் மற்றொரு முடிபு. இரண்டும் பொருந்தா என்பது எம் கருத்து. நூலின் நடை பல இடங்களிற் பள்ளி பயின்றார் நடையாக உள்ளது. இறையருள், பொறுமை, முயற்சி என்பன பற்றிய பொதுவுரைகள் வருமிடங்களில் நெடுந்தொடர்களைக் காண்கின்றோம். அவற்றில் மகனின் கை மிகுதி எனலாம். ஆனால் கணவர் முழங்காலில் அரிவாள் வெட்டுப்பட்டுக் கிடந்த அறுவடைக் காலப் பகுதியை நோக்குக. கதிர் முற்றி நிற்கின்றது; அறுப்பார் இல்லை; புண்ணோ ஆறவில்லை. தாய் தம் பிள்ளையைத் துணைக்கொண்டு வயலில் இறங்குகின்றார். நோயாளியையும் கைக்குழந்தையையும் கதிரையும் ஒரே பகலில் அவர் காக்க வேண்டியிருந்தது. வேலையின் முன்பின் முறையும், உடலின் அயர்வும், விளைவு கைவிட்டுப்போமோ என்னும் அச்சமும் உழைத்த உடலின் நினைவிலிருந்தன்றி வேறெங்கிருந்தும் வருதற்கில்லை. வயலைக் காணாத மகன் அவற்றைக் கேட்டே அறிந்திருத்தல் வேண்டும்.

இப்பாகுபாட்டையும் மிகைபடக் கொள்ளலாகாது. தாயும் இறையருளைப் பேசியிருப்பார். மகனும் வேலை நுணுக்கத்தை வினவி வாங்கியிருப்பார். வினவுதல் என்பதே ஈண்டு இன்றியமையாதது. பல்லாண்டு கழித்துத் தாய் பிறந்த நாட்டிற்கு வந்தபோது எழுந்தது இந்நூல். பிரிந்து தங்கிய மகன், தான் காணாத அவ்வாண்டுகளைத் தாயிடம் கேட்டறிகின்றான். வாசகர்க்குக் குடியேற்ற வழிகாட்டியாகத் தோன்றும் இந்நூல், அவன்மட்டில் இழந்த குடும்ப வாழ்வை எழுத்தால் மீட்டுக்கொள்ளும் முயற்சியும் ஆகும். தாய் ‘நான்’ என்று கூறும் ஒவ்வோரிடத்தும் அதனை எழுதும் கை, அவர் விட்டுச்சென்ற பிள்ளையின் கை. குடும்பம் பிரிந்த நிகழ்ச்சியை இக்கருத்தோடு மீண்டும் கற்பார்க்கு அதன் அடக்கமான நடை புதிய பொருள் தரும்.

எனவே இந்நூலை ஒருவர் நூல் என்று கொள்ளாது இருவர் நூல் என்றே கொள்ளுதல் வேண்டும். கண்டவர் தாய், முறைப்படுத்தியவர் மகன். 1936-இல் வரலாற்றறிஞர் மைலோ மில்டன் குவைஃபு இதனை மீண்டும் பதிப்பித்ததன் பின்னரே இந்நூல் அமெரிக்க வாசகரிடையே பரவலாயிற்று.

5. வேலிக்கு அப்பால்

உழைப்பைக் கூறுவதில் இத்துணை உண்மையுடைய நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஏக்கர் ஒன்று ஒன்றேகால் டாலருக்கு எவ்வாறு கிடைத்தது என்னும் வினாவுக்கு விடை, ஒரு குடும்பத்தின் வேலிக்குள் நின்று காண இயலாதது. இலினாய் ஆற்றுக்கும் மிசிசிப்பிக்கும் இடைப்பட்ட நிலம் 1804-ஆம் ஆண்டுச் செயிண்டு லூயி உடன்படிக்கையால் சாக்கு, மெசுகுவாக்கி மக்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. கையொப்பமிட்டார்க்கு நிலத்தைக் கொடுக்கும் உரிமை இல்லை என்று சாக்கு மக்களின் தலைவருள் ஒருவராகிய பிளாக் ஹாக் இறுதிவரை மறுத்தார்.

அந்நிலப்பரப்பின் வடபால், ராக் ஆறு மிசிசிப்பியிற் கலக்குமிடத்தில் அவர்தம் ஊராகிய சாக்கெனுக்கு இருந்தது. அவ்வூர்ப் பெண்கள் நெடுங்காலம் பயிரிட்டு வந்த மக்காச்சோளக் கொல்லைகளில் வெள்ளையர் வந்து வேலியிட்டனர். 1831-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் படை வந்தது. அம்மக்கள் மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில்தான் ரெபெக்கா தம் பிள்ளைகளுடன் தென்பாலுள்ள பிலிப்சுத் துறையில் இறங்கினார். 1832-இல் பிளாக் ஹாக் தம் மக்களுடன் மீண்டும் ஆறு கடந்து வந்தார், போர் மூண்டது, தோற்றார்.

1833-இல் அவர் தம் வாழ்க்கையை வாய்மொழியாகக் கூற, அந்துவான் லெக்ளேர் மொழிபெயர்க்க, இதழாளர் ஜே. பி. பாட்டர்சன் எழுதி வெளியிட்டார். அந்நூலிலும் கூறியவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். இடையில் மொழிபெயர்ப்பும் புகுந்தமையால் ‘நான்’ என்னும் சொல்லின் சிக்கல் அங்கு இன்னும் மிகுதி. ஒரே நிலப்பரப்பைப் பற்றி, பதினைந்தாண்டு இடைவெளியில், கேட்டெழுதிய இருநூல்கள் தோன்றியுள்ளன. ஒன்று நிலம் பெற்றவர் கூற்று. மற்றது நிலம் இழந்தவர் கூற்று.

பர்லண்டு குடும்பத்தார் எவரையும் துரத்தியவர் அல்லர். வறுமைக்கு அஞ்சி வந்தவர். அவர்தம் துன்பத்தைச் சிறிதாக்கும் நோக்கம் எமக்கு இல்லை. ஆயினும் கூறாமையால் விளையும் பொய்யை ஒரு கடிதத்திற் கண்டு வருந்திய நூல், தான் நிற்கும் மண்ணின் முன்னை வரலாற்றைத் தன் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தை அளக்க அந்நூலே தந்த அளவுகோலால் அந்நூலையும் அளத்தல் திறனாய்வாளன் கடமை.

6. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று பெறப்படும். இந்நூலின் கணக்கு நடை, எழுத்தால் ஏமாந்தார் உண்மைக்கு இட்ட காப்பு. இதன் ‘நான்’, கண்ட தாயும் காணாத மகனும் சேர்ந்து ஆக்கியது. அதன் மெய்ம்மை உழைப்பைக் கூறுமிடங்களில் மிக உறுதியாக நிற்கின்றது. அம்மெய்ம்மை 80 ஏக்கர் வேலியோடு நின்றுவிடுகின்றது. வேலிக்கு அப்பால் உள்ளதை அறியப் பிளாக் ஹாக் நூலை உடன் வைத்துக் கற்றல் வேண்டும். குடியேற்ற இலக்கியம் ஆராயப் புகும் மாணவர் இவ்விரு நூல்களையும் ஒருசேரப் பயில்வாராயின், உழுது பெற்றவர் துன்பமும் உழுத நிலத்தை இழந்தவர் துன்பமும் ஒருங்கே புலப்படும். ஒன்றை அறிந்து மற்றொன்றை அறியாதார்க்கு அச்சித்திரம் என்றும் பாதியே.