நினைவும் வினையும்: சிலப்பதிகாரத்தை முன்வைத்து

எண்ணம் செயலை ஆளுகிறதா, செயல் எண்ணத்தை ஆளுகிறதா என்னும் வினாவுக்கு நம் வகுப்பறைகளில் விடை முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. நன்னெறிக் கல்வியானாலும் இலக்கியக் கல்வியானாலும், நல்லெண்ணம் விதை, நற்செயல் விளைச்சல் என்றே கற்பிக்கிறோம். திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை இதற்குத் துணையாக எடுத்துக்காட்டப்பெறும். ஆனால் அவ்வதிகாரம் மனிதர் எவ்வாறு செயற்படவேண்டும் என்று விதிக்கிறதே அன்றி, எவ்வாறு செயற்படுகின்றனர் என்று விவரிக்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால், காப்பியங்களைப் பயிலும்போது நாம் காணத் தவறுவன சில உள. சிலப்பதிகாரம் இதற்குத் தக்க சான்றாகும்.

மேலை உளவியலில் இவ்வினா பழையது. அழுவதால் துயருறுகிறோம், நடுங்குவதால் அஞ்சுகிறோம் என்று வில்லியம் ஜேம்ஸ் 1884இல் வாதிட்டார். மனிதர் தம் மனப்பாங்கைத் தம் நடத்தையைக் கண்டே பலவேளை ஊகித்துக்கொள்கின்றனர் என்பது டாரில் பெம் முன்வைத்த கருத்து. பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வு, கையை அசைக்கும் விருப்பம் தோன்றியதாக ஒருவர் உணர்வதற்கு ஏறத்தாழ 350 மில்லிவினாடி முன்னதாகவே மூளையில் ஆயத்த மின்னலை எழுவதாகக் காட்டியது. அந்த அலை முடிவெடுத்தலின் அடையாளமாக இருக்கவேண்டியதில்லை, மூளையின் இயல்பான ஏற்றத்தாழ்வாகவும் இருக்கலாம் என்று ஆரோன் ஷர்கரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் மறுத்தனர். ஆகவே ஆய்வுக்கூடம் தீர்ப்பு வழங்கிவிட்டதுபோல் எழுதுவது பொருந்தாது. இக்கோட்பாடுகளைக் காப்பியத்தின்மேல் போர்த்திப் பார்ப்பதும் நம் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் நம் துறையில் வேண்டிய அளவு வந்துவிட்டன.

கொலைக்களக் காதையில் பாண்டியன் ஆணையிடும் இடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் ஈடுபட்டிருந்ததனால் ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவு என்று காரணம் சொல்லி அகன்றுவிடுகிறாள். அவளது ஊடலைத் தீர்க்க அவன் புறப்படுகிறான். அரசியின் கோயில் வாயிலருகே பொற்கொல்லன் குறுக்கிட்டு வணங்கி, சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகிறான். அரசன் காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையிலிருந்தால் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்று பணித்துவிட்டுச் செல்கிறான். அவைக்களமும் இல்லை, அமைச்சரும் இல்லை. கால்கள் ஒரு திசையில் சென்றுகொண்டிருக்க, நா ஓர் உயிரைத் தீர்த்துவிடுகிறது.

இவ்விடத்திற்கு நம் உரைமரபில் ஒரு விளக்கம் வழங்குகிறது. அரசன் சொல்லக் கருதியது ‘கொல்ல’ என்பதே. அதாவது, விசாரித்துத் தண்டிக்கும்பொருட்டுக் கள்வனையும் சிலம்பையும் கொண்டுவருக என்பதே அவன் உள்ளக்கிடை. வினை விளையும் காலமாதலின் நாத் தவறிக் ‘கொன்று’ என்று கூறிவிட்டான் என்பது அது. ஆசிரியர் பலர் இதனை விருப்பத்தோடு கற்பிக்கின்றனர். மாணவரும் விருப்பத்தோடு கேட்கின்றனர். ஓர் எழுத்துப் பிசகில் ஒரு காப்பியமே திரும்புகிறது என்பது கேட்க இனியதுதான். ஆயினும் இவ்விளக்கம் செய்யும் வேலை யாது? அரசனின் எண்ணத்தைத் தூய்மையாக வைத்துக்கொண்டு, பழியைச் செயலின்மீது, அதிலும் நாவின்மீது ஏற்றிவிடுகிறது. எண்ணம்தான் மனிதன், செயல் அவனுக்குப் புறம்பானது என்ற முன்முடிவு இல்லாமல் இத்தகைய விளக்கம் தோன்றியிருக்க இயலாது.

நூலே இதற்கு இடந்தரவில்லை என்பது நம் கருத்து. ஊழ்வினையைச் சுட்டும் அதே தொடரில், அரசன் ஆராயவில்லை என்பதையும் இளங்கோவடிகள் சேர்த்தே சொல்கிறார். வழக்குரை காதையில் கண்ணகியும் அவனை ஆராயாதவன் என்றே விளிக்கிறாள். அதனினும் முதன்மையானது அரசன் தரும் விடை. தான் கருதியது வேறு, வாயில் வந்தது வேறு என்று அவன் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு அதைவிடத் தக்க தருணம் வாய்த்திருக்காது. அவனோ, கள்வனைக் கொல்வது கொடுங்கோலன்று, அதுவே முறையான அரசு என்று வாதிடுகிறான். முன்னர்ப் போகிறபோக்கில் வாயினின்று உதிர்ந்த சொல், இப்போது அரசநீதியாகக் கோலங்கொண்டு நிற்கிறது. செயல் முந்தியது, அதற்குரிய எண்ணம் பின்னர் வந்து அதனைத் தனதென்று ஏற்றுக்கொண்டது. சிலம்பு உடைந்து, தன் தேவியின் முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தபோதுதான் அவ்வெண்ணம் சிதைகிறது. அப்போதும் அவன் நாவைப் பழிக்கவில்லை. தானே கள்வன் என்கிறான். நாத் தவறியதாகக் கூறும் விளக்கம் அவனுக்கு அளிக்க விழையும் சலுகையை அவனே கோரவில்லை என்பதை நாம் மாணவரிடம் சொல்லவேண்டாமா?

கொலை நிகழும் முறையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. கோவலனைக் கண்ட காவலர் உடனே வாளை உருவவில்லை. இவன் தோற்றம் கள்வனுடையதன்று என்று ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குரிய எட்டனையும் விரிக்கிறான். ஓர் இளைஞன் இருளில் தான் கண்ட கள்வனைப் பற்றிக் கதை சொல்கிறான். அரசன் தண்டிப்பானே என்ற அச்சமும் பேசப்படுகிறது. ஒரு சிறு அவையே அங்குக் கூடிவிட்டது எனலாம். அரசவையில் நடந்திருக்கவேண்டிய விசாரணை, உரிமையற்ற இடத்தில், உரிமையற்றவர்களால் நடத்தப்படுகிறது. அந்த அவை முடிவுக்கு வருமுன்னரே, கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை எறிந்துவிடுகிறான். எண்ணியோர் எவரும் கொல்லவில்லை; கொன்றவன் எண்ணவில்லை. ஆயினும் அந்த வாள்வீச்சு அவர்கள் அனைவருடைய முடிவாகவும் ஆகிவிடுகிறது.

மேற்கூறியவை அவசரத்தால் நேர்ந்தவை. கானல்வரியோ ஓய்வாக அமர்ந்திருக்கும் இருவரிடையே நிகழ்வது. ஆதலின் இன்னும் நுட்பமானது. (அடியார்க்கு நல்லார் உரை இப்பகுதிக்குக் கிடைக்காமற் போனது நம் தீப்பேறே.) புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் பாட்டில் வேறொருத்தியின் நினைவு இருப்பதாக மாதவி கொள்கிறாள். பின்னர் அவள் யாழை வாங்கித் தானும் வேறு குறிப்புடையவள்போலப் பாடுகிறாள். ‘போல’ என்பது இங்கு இன்றியமையாதது. அவளுக்கு அத்தகைய எண்ணம் இல்லை. பாட்டு மட்டுமே இருந்தது. கேட்டவனுக்கோ பாட்டே எண்ணமாயிற்று. எழுந்து போய்விடுகிறான். இருவரும் பாடிய செயல்களிலிருந்து, இருவரிடமும் முன்பு இல்லாத இரு எண்ணங்கள் பிறந்துவிட்டன. கோவலன் ஏற்கெனவே மாதவியிடம் சலிப்புற்றிருந்தான், பாட்டு ஒரு சாக்கே என்று வாதிடுவோர் உளர். அச்சலிப்பைப் பாட்டுக்கு முன்னரே இருந்ததென்று காட்டும் சான்றுகள் வலுவானவை என்று நமக்குத் தோன்றவில்லை.

இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். புறஞ்சேரி இறுத்த காதையில், மாதவியின் ஓலையைக் கௌசிகன் வாயிலாகப் பெற்ற கோவலன், தவறு அவளுடையதன்று, தன்னுடையதே என்று உணர்கிறான். எண்ணம் செயலைத் திருத்தும் ஆற்றலுடையது என்பதற்கு இது சான்றாகாதா? ஆகாது என்றே கருதுகிறோம். உணர்ந்த பின் அவன் செய்வது யாது? அந்த ஓலையின் வாசகம் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கௌசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மதுரை நோக்கி நடக்கிறான். எண்ணம் முழுவதும் மாறிவிட்டது, நடை மாறவில்லை. புறப்பட்ட கால்களுக்கு ஒரு தருக்கம் இருக்கிறது போலும்.

இவ்விடங்களையெல்லாம் ‘ஊழ்’ என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுவது விடைத்தாள்களில் நாம் ஆண்டுதோறும் காணும் வழக்கம். பிழை மாணவரிடம் மட்டும் இல்லை. ஊழ்வினை உருத்துவரும் என்பதைப் பதிகமே நூலின் மூன்று உண்மைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. ஆனால் அரசியலில் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பதும் அம்மூன்றனுள் ஒன்று. ஊழே அனைத்தையும் செய்ததென்றால் பிழைத்தவன் என ஒருவன் இரான். அவனுக்கு அறம் கூற்றாகவேண்டிய தேவையும் இராது. ‘வினை’ என்னும் தமிழ்ச்சொல் செய்கையையும் அதன் பயனையும் ஒருங்கே குறிப்பது. செய்தது செய்தவனிடமிருந்து பிரிந்து சென்று, பின்னர் அவனையே ஆள வருகிறது என்ற பொருளில் ஊழைக் கொண்டால், இளங்கோவடிகள் எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே கண்ட உறவும் அதுவே என்பது விளங்கும். ஊழ் அப்போது சாக்காக நில்லாமல் விவரிப்பாகிவிடும்.

நாம் வகுப்பறையில் கற்பிக்கும் வரிசை, அதாவது முதலில் எண்ணம், பின்னர் சொல், அதன்பின் செயல் என்பது, இக்காப்பியத்தில் பிறழாமல் அமைந்த இடம் ஒன்று உண்டு. வஞ்சினமாலையில் கண்ணகி, தான் கற்புடையவளாயின் அரசோடு மதுரையையும் ஒழிப்பேன் என்று முதலில் சூளுரைக்கிறாள். சொன்னபடியே செய்கிறாள். அவளிடம் நாப்பிறழ்ச்சி இல்லை, பாசாங்கு இல்லை, பின்னர் புனைந்துகொண்ட நியாயமும் இல்லை. எண்ணம் செயலை முழுமையாக ஆண்டபோது விளைந்தது எரியும் நகரம். இங்கும் ஒரு குறிப்பு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. யார் யார் பிழைத்தற்குரியர் என்ற வினாவை அவளே எழுப்பிக்கொள்ளவில்லை. தீக்கடவுள் வந்து கேட்கிறான். கேட்ட பின்னரே பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி என அவள் விலக்கிச் சொல்கிறாள்.