லோங்காங்குக்கு ஒரு வாக்கு

மலேசியாவின் 2022 பொதுத் தேர்தலில் தாசேக் கெலுகோர் நாடாளுமன்றத் தொகுதி பெரிக்கத்தான் நேஷனல் பக்கம் போனது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 12இல் நடந்த பினாங்கு சட்டமன்றத் தேர்தலில், அத்தொகுதிக்குள் வரும் பெர்மாத்தாங் பெராங்கான், சுங்கை டுவா, தெலுக் ஆயர் தாவார் மூன்றும் அதே கூட்டணிக்குக் கிடைத்தன. மாநிலத்திலோ 40 இடங்களில் 29ஐப் பிடித்து பக்காத்தான், பாரிசான் கூட்டணிகள் சேர்ந்து ஆட்சி அமைத்தன. ஊர் ஒரு பக்கம், மாநிலம் மறுபக்கம் சாய்வது உலக வழக்கம்தான். அதில் வியக்க ஒன்றுமில்லை. வினோதம் அதற்குக் கீழ்ப்படியில் இருக்கிறது. அந்த ஊரின் குப்பை, லோங்காங் எனும் வடிகால், கடை லைசென்ஸ், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை, வீட்டு வரி எல்லாவற்றையும் கவனிக்கும் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் 24 உறுப்பினர்களில் ஒருவரைக்கூட ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அத்தனை பேரையும் நியமிப்பது, அந்த ஊர் வேண்டாமென்று வாக்களித்த மாநில அரசு.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தந்த ஏற்பாடு இது. மேயரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள். பதவிக்காலம் அதிகபட்சம் மூன்றாண்டு. பெரும்பாலோர் அந்த வட்டாரத்திலேயே குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவமோ தொழிலில் பெயரோ சமூகத்தின் சார்பில் பேசும் தகுதியோ இருக்க வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடைமுறையிலும் முழுக்கப் பழுதென்று தள்ளிவிட முடியாது. தேர்தலில் நின்றால் டெபாசிட் போயிருக்கக்கூடிய பொறியாளரும், கூட்டத்தில் கைதட்டு வாங்கத் தெரியாத சமூக ஊழியரும் மன்றத்துக்குள் வர இதுதான் வாசல். 2008க்குப் பிறகு பினாங்கு மாநில அரசு பொது அமைப்புகளுக்கும் சில இடங்களை ஒதுக்கியது. 2012இல் அம்பாங் ஜாஜார் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆணும் பெண்ணும் இளையோரும் முதியோரும் தங்களுக்கு முதலில் எது வேண்டும் என்று சொல்ல, அதையொட்டி வரவுசெலவைத் திட்டமிடும் முயற்சியைத் தொடங்கியதும் இதே செபராங் பிறை மன்றம்தான். நியமனம் பெற்றவர்களெல்லாம் பொம்மைகள் என்பது சோம்பேறித்தனமான விமர்சனம்.

தமிழர் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு வசதியும் உண்டு. ஆளும் கூட்டணிக் கட்சிகள் இடங்களைப் பங்கிடும்போது இந்தியருக்கு இத்தனை என்று ஒரு கணக்கு இருக்கும். தாசேக் கெலுகோர் மலாய்க்காரர் பெரும்பான்மைத் தொகுதி. தோட்டத்திலிருந்து வெளியேறித் தாமான் எனும் குடியிருப்புகளில் சிதறிய தமிழர் அங்கே சிறுபான்மையிலும் சிறுபான்மை. வட்டாரத்துக்கு ஒருவர் என்று தேர்தல் வைத்தால் அவர்கள் பெயர் சீட்டில்கூட வராமல் போகலாம். நியமனம் ஒரு நாற்காலியையாவது போட்டுத் தருகிறது.

ஆனால் அந்த நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? கவுன்சிலரை உட்கார வைத்தது கட்சி. எழுப்பிவிடப் போவதும் கட்சி. மழைக்காலத்தில் ஒரு தாமானில் லோங்காங் அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் முதலில் மன்றத்துக்கே புகார் எழுதிப் பார்ப்பார். பிறகு படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், யாருக்கு? தெரிந்த கட்சிக் கிளைத் தலைவருக்கு. அவர் கவுன்சிலருக்குத் தட்டிவிடுவார். இரண்டு நாளில் லோரி வந்தால், லோங்காங்குக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் கட்சிப் பக்கத்தில் ஏறும். வராவிட்டால் கேட்க ஆளில்லை. பிப்ரவரி முடிவுக்குள் ஒரு தவணை, ஆகஸ்ட் முடிவுக்குள் இன்னொரு தவணை என்று வீட்டு வரியைத் தவறாமல் கட்டியவர், தன் உரிமையைச் சலுகையாகக் கேட்டு வாங்குகிறார். நியமன முறையின் உண்மையான கோளாறு இதுதான். ஊழலோ திறமையின்மையோ தேர்தல் மன்றங்களிலும் தாராளமாக உண்டு. சுற்றி வளைக்காமல் கேட்கும் உரிமை இல்லாதது இங்கே மட்டும்தான்.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். செபராங் பிறையின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்துக்கு மேல்; 24ஆல் வகுத்தால் ஒரு கவுன்சிலருக்கு ஏறக்குறைய 40,000 பேர். சுமார் 55 லட்சம் பேர் வாழும் ஸ்காட்லாந்தில் 1,200க்குச் சற்று மேற்பட்ட கவுன்சிலர்கள். தலைக்கு ஏறக்குறைய 4,500 பேர்தான். தாசேக் கெலுகோரில் தங்கள் கவுன்சிலர் யாரென்று பலருக்குத் தெரியாவிட்டால் அதற்கு மக்களின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது நியாயமில்லை.

இத்தனைக்கும் மலாயாவில் இந்த வாக்குரிமை முதலில் முளைத்த மண் பினாங்கு. 1951 டிசம்பர் 1இல் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்கு நடந்ததுதான் மலாயாவின் முதல் தேர்தல். ஒன்பது இடங்களில் ஆறை ரேடிகல் கட்சி பிடித்தது. 1957 ஜனவரி 1இல் ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் தொடக்கக்கால மேயர், தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. மின்சாரம், தண்ணீர், பேருந்து என்று எல்லாவற்றையும் நடத்திய மன்றமும் அது. பிறகு முறைகேட்டுப் புகார்கள் வந்தன, உட்கட்சிச் சண்டைகள் வந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. 1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான கொன்ஃப்ரொந்தாசி மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஊராட்சிகளை ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் அதி நாகப்பன். ‘தேர்தல் தொடரட்டும்’ என்பதே ஆணையத்தின் பரிந்துரை. 1968இல் ஒப்படைத்த அறிக்கை 1971இல்தான் வெளிவந்தது. பரிந்துரை அறிக்கையோடு நின்றது. கொன்ஃப்ரொந்தாசி முடிந்து ஏறக்குறைய அறுபதாண்டு ஆகிவிட்டது.

பினாங்கு அரசு 2012இல் தனிச் சட்டமே இயற்றிப் பார்த்தது. 1976 சட்டத்தின் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலை ஒழித்துவிட்டது, மாநிலம் தன் போக்கில் அதை மீட்க முடியாது என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தைத் திருத்தும் இடம் நாடாளுமன்றம். அங்கே, நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அடுத்து ஊராட்சிக்கும் ‘மூன்றாவது வாக்கு’ வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கியவர்களே 2018இலும் 2022இலும் அரசில் அமர்ந்தார்கள். அமர்ந்ததும் முழக்கம் தணிந்துபோனது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது இனிக்கும் கோரிக்கை, நியமிக்கும் பேனா கைக்கு வந்ததும் கசக்கிறது போலும்.

எதிர்ப்பவர்களின் வாதம் இனத்தைச் சுற்றியே வருகிறது. 2015இல் பாஸ் தலைவர் ஹாடி அவாங் 1969 மே 13 இனக் கலவரத்தை நினைவூட்டி எச்சரித்தார். 2018இல் பிரதமர் மகாதீரும் இனப் பிளவைச் சொல்லி மறுத்தார். நகரங்கள் சீனர் கைக்குப் போய்விடும் என்பது அதன் சாரம். தாசேக் கெலுகோரில் நின்று பார்த்தால் இந்த வாதம் தலைகீழாகத் தொங்குகிறது. இங்கே தேர்தல் வைத்தால் மன்றத்தில் குரல் கிடைக்கப் போவது, இப்போது விடுபட்டிருக்கும் மலாய் வாக்காளருக்கே. பெரிக்கத்தானில் உள்ள பாஸ் கட்சிக்கும் ஆதாயம்தான். இப்படி ஒரு தொகுதியை வைத்துக்கொண்டு அவர்கள் ஏன் இன்னும் அந்தப் பயத்தையே பேசுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

அதற்காகத் தேர்தல் என்ற பெயரைக் கேட்டதும் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டைப் பாருங்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலை நடத்தவே விடவில்லை. அப்படி ஒதுக்கிய மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊர்களும் அங்கே உண்டு. உள்ளூர்ப் பெரும்பான்மை கையில் வாக்குச்சீட்டு கிடைப்பதாலேயே உள்ளூர்ச் சிறுபான்மைக்கு நீதி கிடைத்துவிடாது.

ஆகவே கேள்வி, எந்த முறையில் தேர்தல் என்பது. ஸ்காட்லாந்தில் 2007 முதல் ஊராட்சி வட்டாரம் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் மூவர் அல்லது நால்வரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார். நான்கு இடமுள்ள வட்டாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஓர் இடம் உறுதி. இதிலும் ஓட்டை உண்டு: சீட்டில் பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால் மேலே வருபவருக்கு முதல் எண் எளிதாக விழுகிறது, சில கடலோர, தீவு வட்டாரங்களில் போட்டியிடவே ஆள் கிடைப்பதில்லை. தாசேக் கெலுகோர்த் தமிழர் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. இந்த முறை அவர்களுக்குத் தனி இடம் வாங்கித் தராது. ஆனால் நான்காவது இடத்துக்கு மூச்சுத் திணறும் வேட்பாளர் அவர்களின் இரண்டாம் எண்ணைக் கேட்டுத் தாமானுக்குள் வந்தே ஆகவேண்டும். கட்சிப் பங்கீட்டில் வந்த நாற்காலியைவிட வாசலில் வந்து நிற்கும் அந்த வேட்பாளரை நான் தேர்வு செய்வேன்.

15ஆம் பிரிவு திருத்தப்படும்வரை மாநிலத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது என்பதும் பாதி உண்மைதான். கிராமச் சமூக நிர்வாகக் குழுக்களை அமைப்பது மாநிலத்தின் நிர்வாக வேலை. அதற்குள் வாக்கெடுப்பை நுழைக்க நீதிமன்றத் தீர்ப்பு தடையில்லை. நடந்தது வேறு: கூட்டரசும் மாநிலமும் வேறு வேறு கட்சிகளிடம் இருந்த காலத்தில் பினாங்குக் கம்போங்குகளில் ஆளுக்கொரு குழு, ஆளுக்கொரு தலைவர். இரண்டுமே நியமனம்.