அரசுக்குப் பேரக்குழந்தை பிறந்தால்

பெற்றவர்களால் வளர்க்க முடியாத, அல்லது அவர்களிடம் விட்டுவைக்க முடியாத பிள்ளைகளை அமெரிக்காவில் நீதிமன்றம் மாநில அரசின் பொறுப்பில் ஒப்படைக்கிறது. அரசு அவர்களை வளர்ப்புக் குடும்பங்களிலோ குழு இல்லங்களிலோ தங்கவைக்கிறது. சட்டப்படி அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பா ஸ்தானத்தில் இருப்பது அரசுதான். அப்படி வளரும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்றால், அந்தக் கணக்கில் அரசு பாட்டியாகிவிடுகிறது. ஆனால் வேறெந்தப் பாட்டிக்கும் இல்லாத அதிகாரம் இந்தப் பாட்டிக்கு உண்டு. விசாரணை நடத்தி, நீதிமன்ற உத்தரவு வாங்கி, பேரக்குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிடலாம்.

எங்கோ ஒன்றிரண்டு இடங்களில் நடக்கிற விஷயம் இல்லை இது. இல்லினாய், விஸ்கான்சின், அயோவா மாநிலங்களில் அரசுப் பராமரிப்பில் இருந்த 732 இளைஞர்களைச் சிகாகோவின் சேப்பின் ஹால் ஆய்வு மையத்தினர் 2002 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்துப் பேசினார்கள். பத்தொன்பது வயதுக்குள் பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரு முறையாவது கருவுற்றிருந்தார்கள். அதே வயதுடைய மற்ற பெண்களிடம் அது ஐந்தில் ஒருவர். பராமரிப்புப் பெண்களுக்கு இருபத்தோரு வயதானபோது பத்தில் ஏழு பேர் கருவுற்றிருந்தார்கள். இந்த எண்களை வைத்துப் பெண்களின் ஒழுக்கத்தைப் பேசக் கிளம்புகிறவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. வீடு மாறி வீடு, பள்ளி மாறி பள்ளி என்று போகும் பெண்ணுக்கு நம்பிப் பேச ஒரு பெரியவரோ, வழக்கமாகப் பார்க்கும் ஒரு மருத்துவரோ கிடைப்பதில்லை என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

பிள்ளை பெற்ற பின் என்ன செய்வது? இங்கே அமெரிக்கச் சட்டம் எடுத்த ஒரு முடிவைப் பாராட்டத்தான் வேண்டும். 1987இல் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தாயும் சேயும் ஒரே வளர்ப்பு வீட்டில் இருந்தால், தாய்க்காக மாநிலம் கொடுக்கும் பராமரிப்புத் தொகையிலேயே குழந்தையின் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பணத்துக்காகக் குழந்தையைத் தனியாக அரசின் பொறுப்பில் எடுக்கத் தேவையில்லை. அது தாயின் பிள்ளையாகவே இருக்கும். அந்தத் திருத்தத்தில் 'ஒரே வீட்டில்' என்ற நிபந்தனைதான் சிக்கல். தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து இடம் தருகிற வீடு கிடைக்காமல் இருவரும் வெவ்வேறு இடத்தில் தங்க நேர்ந்தால், அந்தத் தொகை குழந்தைக்குக் கிடைக்காது. வீடு கிடைக்காதது அந்தப் பெண்ணின் குற்றமில்லை.

இந்த ஓட்டையை அடைக்கக் கலிஃபோர்னியா 2005இல் 'முழுக் குடும்ப வளர்ப்பு இல்லம்' என்ற ஏற்பாட்டைச் சட்டமாக்கியது. இளம் தாயையும் குழந்தையையும் சேர்த்தே ஏற்கும் வீடுகள் இவை. வளர்ப்புத் தாயும் இளம் தாயும் உட்கார்ந்து பொறுப்புப் பகிர்வுத் திட்டம் ஒன்றை எழுதிக்கொள்ளலாம். பால் புகட்டுவது யார், டயப்பர் வாங்குவது யார், இவள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்ப்பது யார், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவது யார் என்றெல்லாம் அதில் இருக்கும். அதை எழுதி ஒப்படைக்கும் வீட்டுக்கு மாதம் 200 டாலர் கூடுதலாகத் தருவதாகச் சட்டம் சொன்னது. ஏட்டில் அற்பமாகத் தெரியும் இந்தக் காகிதம் நடைமுறையில் பெரிய வேலை செய்கிறது. வளர்ப்பு வீடுகளில் சண்டை கிளம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: "இது என் பிள்ளை" என்கிற பதினேழு வயதுக்காரிக்கும், "இது என் வீடு" என்கிற பெரியவருக்கும் நடுவில்.

கசப்பான பகுதி இனிமேல்தான். இல்லினாயில் பராமரிப்பில் இருந்த இளம் பெற்றோருக்குப் பிறந்த ஏறத்தாழ 2,500 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து ஆய்வாளர் ஏமி டுவார்ஸ்கி 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஐந்து வயதுக்குள் 39 சதவீதக் குழந்தைகள் விஷயத்தில் கொடுமை அல்லது புறக்கணிப்பு விசாரணை நடந்திருந்தது. புகாருக்கு ஆதாரம் இருப்பதாகப் பதிவானது 17 சதவீதக் குழந்தைகளுக்கு. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டவர்கள் 11 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பதினொரு சதவீதம் சிறிய எண் அல்ல; சில குழந்தைகளுக்கு ஆபத்து நிஜம், அதை மறைப்பவர் யாருக்கும் நல்லது செய்யவில்லை. அதேசமயம், விசாரணைக்கு உள்ளான குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் விஷயத்தில் கடைசியில் ஆதாரம் எதுவும் பதிவாகவில்லை. சாதாரண வீட்டில் இருக்கும் இளம் தாய் குழந்தையிடம் எரிந்து விழுந்தால் அவள் அம்மா திட்டுவாள், அதோடு சரி. இவள் எரிந்து விழுந்தால் பார்க்க வளர்ப்புத் தாய், சமூகப் பணியாளர், இல்லத்தின் ஊழியர், ஆலோசகர் என்று நான்கு பேர் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் புகார் எண்ணை அழைக்க அவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். தூக்கமில்லை, கை ஓய்ந்துவிட்டது என்று அவள் யாரிடம் சொல்லி அழுவது? உதவி கேட்பதே சாட்சியமாகிவிடும் என்று தெரிந்தவள் வாய் திறக்கமாட்டாள். இந்த முறையின் ஆகப் பெரிய குறை பணப்பற்றாக்குறை அல்ல, இதுதான்.

இதில் ஒரு பகுதியையாவது கலிஃபோர்னியா புரிந்துகொண்டது. கருவுறுவதற்கு முன் அவள் எந்தெந்த இல்லங்களில் இருந்தாள், எப்படி நடந்துகொண்டாள், என்ன மனநலச் சிகிச்சை எடுத்தாள் என்பதை மட்டும் வைத்து அவள் குழந்தை ஆபத்தில் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது என்று 2015இல் அங்கே சட்டம் வந்தது. குழந்தைப் பருவம் முழுவதும் அரசே எழுதிச் சேர்த்த கோப்பு அது. அதில் இருப்பது பன்னிரண்டு வயதில் ஓடிப்போனது, பதினான்கில் கதவை உதைத்தது போன்ற சங்கதிகள். அதே அரசு அதே கோப்பைப் பிற்பாடு அவளுக்கு எதிராக விரிப்பது அநியாயம் என்பதை ஒரு மாநிலமாவது எழுத்தில் ஒப்புக்கொண்டது. எல்லா மாநிலங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தகுந்த விதி.

வீடு தேடி வரும் செவிலியர் திட்டங்கள் உதவி கேட்பதில் உள்ள அச்சத்தைக் குறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். டேவிட் ஓல்ட்ஸ் 1970களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் தொடங்கிய முறை அதில் பேர்போனது. கர்ப்ப காலத்தில் தொடங்கிக் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை ஒரே செவிலியர் தொடர்ந்து வருவார். நம்பிக்கை வளர நேரம் கிடைக்கிறது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு புகழ முடியவில்லை. அதை இங்கிலாந்தில் 1,645 பதின்வயதுத் தாய்மாரிடம் சோதித்து 2016இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தபோது, புகைப்பழக்கம், பிறப்பு எடை, அடுத்த கர்ப்பம், மருத்துவமனை அவசரச் சிகிச்சை ஆகிய முக்கிய அளவுகள் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே எல்லோருக்கும் கிடைக்கும் தாய்சேய் நலச் சேவையே வலுவானது என்பது ஒரு விளக்கம். தவிர, அது பதின்வயதுத் தாய்மார் எல்லோரையும் பற்றிய சோதனை; பராமரிப்பில் இருப்பவளுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. வீடு மாற்றப்பட்டால் செவிலியரும் மாறிப்போவார்.

அப்பாக்களைப் பற்றிப் பேச்சே காணோம். சேப்பின் ஹால் ஆய்வில் இருபத்தோரு வயது ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் யாரோ ஒருத்தியின் கர்ப்பத்துக்குத் தாங்கள் காரணம் என்று சொன்னார்கள். ஆனால் தொகையும் இடமும் குழந்தையோடு ஒரே வீட்டில் இருப்பவருக்குத்தான். குழு இல்லத்தில் படுத்திருக்கும் பத்தொன்பது வயது அப்பனுக்குத் தன் மகனை ஓர் இரவு தங்கவைக்கக்கூட அறை இல்லை. பராமரிப்பில் எத்தனை பேர் பெற்றோராக இருக்கிறார்கள் என்று மத்திய அரசு கணக்குக் கேட்கத் தொடங்கியதே 2014 சட்டத்துக்குப் பிறகுதான்.

2018இல் வந்த 'குடும்பம் முதலில்' சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. பராமரிப்பில் உள்ள கர்ப்பிணிகளுக்கும் இளம் பெற்றோருக்கும் மனநல, போதை மீட்பு, குழந்தை வளர்ப்புச் சேவைகளுக்கு மத்திய நிதி கிடைக்க, 'இவர்கள் பிள்ளை பிரிக்கப்படும் அபாயத்தில் இருக்கிறது' என்று முத்திரை குத்தத் தேவையில்லை. இளம் பெற்றோராக இருப்பதே தகுதி.

ஆனால் வயது என்ற சுவர் அப்படியே நிற்கிறது. இருபத்தொன்று வரை பராமரிப்பை நீட்டிக்க 2008 சட்டம் மாநிலங்களுக்கு வழிவிட்டது. இல்லினாய் அதற்கு முன்பே அப்படிச் செய்துவந்தது. நீட்டிப்பு உள்ள இடத்தில் இளவயதுக் கர்ப்பம் குறைவாக இருப்பதையும் சேப்பின் ஹால் காட்டியது. பத்தொன்பதில் பிள்ளை பெற்றவளுக்கு இருபத்தொன்று ஆகும்போது குழந்தைக்கு இரண்டு வயது. அந்தப் பிறந்தநாளோடு தாயின் பராமரிப்புத் தொகை நிற்கிறது. அதற்குள் அடங்கியிருந்த குழந்தையின் பங்கும் கூடவே நிற்கிறது. அதன் பிறகு பல மாநிலங்களில் 23 வயதுவரை கிடைக்கும் சேஃபி எனும் மத்திய உதவி நிதியில், ஒரு மாநிலம் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவிடக்கூடியது அதிகபட்சம் 30 சதவீதம். மிச்சம் பயிற்சிக்கும் ஆலோசனைக்கும். 2019இல் இவர்களுக்கெனத் தொடங்கிய வாடகை உதவிச் சீட்டும் அடிப்படையில் 36 மாதங்களுக்குத்தான். குழந்தை பள்ளியில் சேர்கிற வயதை ஒட்டி அது தீர்ந்துபோகும். நீட்டிப்பு வேண்டுமென்றால் பொதுவாகப் படிப்போ வேலையோ காட்டியாக வேண்டும்; ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை வளர்ப்பவருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு.